கச்சான் இரவும் ஏணைத் துணியும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



தாலாட்டு என்றதும் எங்கள் மனத்தில் எழுவது ஓர் இனிய இசை. வகுப்பறையிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். தால் என்றால் நாக்கு. நாவை அசைத்து ஒலியெழுப்பிப் பிள்ளையை உறங்கவைப்பதால் தாலாட்டு என்று பெயர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் தாலப் பருவம் மூன்றாவது. பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலில் இட்டுப் பாடினார். நாட்டார் தாலாட்டுகளில் மாமன் கொண்டுவரும் சீர் பேசப்படும், தந்தைவழிப் பெருமை பேசப்படும். இவ்வளவையும் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் தடையின்றி எழுதிவிடுவார். புள்ளிகளும் கிடைத்துவிடும்.

ஆயின், அந்தப் பாட்டு எந்த யாமத்தில் பாடப்பட்டது, எந்தக் கூரையின் கீழ், எந்தக் காற்றில் பாடப்பட்டது, பாடியவளின் கை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்ற வினாக்களை நாங்கள் கேட்பதில்லை. தாயின் வாய் பாடியது. கையோ ஏணையை ஆட்டியது, அல்லது விசிறியை வீசியது. பாட்டு ஏட்டில் ஏறிவிட்டது. கையின் வேலை ஏறவில்லை. வெப்பமான இரவில் கைக்குழந்தையைக் குளிர்வித்து உறங்கவைக்கும் அந்த வேலை பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். இது இலக்கியத்துக்குப் புறம்பான விடயம் என்று சிலர் நினைக்கக்கூடும். அப்படியன்று என்பதே என் கருத்து.

முதலில் எங்கள் நிலத்தைப் பார்ப்போம். திருகோணமலை நகரம் ஒரு நிலக்கழுத்தில் அமைந்தது. கிழக்கே திறந்த கடல். மேற்கே உட்துறைமுகம். இரு புறமும் நீர் இருக்க, நடுவில் ஒடுங்கிய வீதிகளில் வீடுகள். இத்தனை நீர் சூழ்ந்த ஊரில் வெக்கை எப்படி வந்தது என்று வெளியூரார் வியப்பர். அதற்கு விடை காற்றிலே இருக்கிறது.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இப்பகுப்பைத் தமிழகத்து நிலத்துக்கென்று வகுத்திருந்தாலும், எங்கள் ஊருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். ஏனெனில் இங்கு வெப்பம் இரு வகை. ஒன்று சித்திரைப் புழுக்கம். சித்திரை முற்பகுதியில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வருகிறது. காற்று ஓய்ந்துவிடும். கடலில் இருந்து எழும் ஈரம் வளியில் அப்படியே நிற்கும். உடலில் வியர்வை ஊறும், ஆனால் உலராது. மற்றையது கச்சான். இன்றைய பிள்ளைகளிடம் கச்சான் என்றால் கடற்கரையில் சுருளில் விற்கும் கடலையைத்தான் நினைப்பார்கள். அவர்களுடைய பாட்டனார் நினைத்தது காற்றை. தென்மேல் பருவக்காற்று தீவின் மேற்குப் புறத்திலும் மத்திய மலைநாட்டின் சரிவுகளிலும் தன் மழையைக் கொட்டிவிட்டு, மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது வறண்டும் சூடேறியும் வருகிறது. காய்ந்த காடுகளையும் அறுவடை முடிந்த வயல்களையும் தடவிக்கொண்டு அது எங்களை வந்தடைகிறது. வைகாசி முதல் ஆவணி வரை பகல் வெப்பம் 34, 35 பாகை செல்சியசைத் தொடுவது இங்கு வழமை. இரவிலும் 25, 26 பாகைக்குக் கீழே எளிதில் இறங்காது.

இந்த இரு வெப்பங்களையும் வேறு பிரித்து அறிந்திருந்ததே எங்கள் மூத்த தாய்மாரின் கல்வி. கச்சான் வறண்ட காற்று. ஆகவே நீரை விரைந்து உறிஞ்சும். நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனாற்றான். ஆகவே கச்சான் காலத்தில் நனைத்துப் பிழிந்த சாக்கையோ பழஞ்சேலையையோ யன்னலிலே தொங்கவிட்டால் அறை குளிரும். ஆனால் இதே உபாயத்தைச் சித்திரைப் புழுக்கத்தில் செய்தால் பயனில்லை. வளியில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்க, நனைந்த துணி உலராது, புழுக்கம் கூடும். அப்போது வேண்டியது நீர் அன்று, அசையும் காற்று. அதனாற்றான் சித்திரையில் விசிறியும் முற்றமும். ஆனி ஆடியில் நனைந்த துணியும், பகல் முழுவதும் மேற்கு யன்னலைச் சாத்திவைத்து, பொழுது சாய்ந்து வெளிக்காற்று ஆறிய பின் திறந்துவிடும் வழக்கமும். பௌதிகவியல் படியாதவர்கள்தான், ஆனால் அதன் பயனை அறிந்திருந்தார்கள்.

நேயர்களே, இந்த நிலத்து வெப்பம் எங்கள் மொழிக்குள்ளும் புகுந்திருக்கிறது. அன்பான வரவேற்பை ஆங்கிலேயர் சூடான வரவேற்பு என்பர். குளிர்நாட்டவருக்குச் சூடே இன்பம். நாங்களோ மனங்குளிர வரவேற்கிறோம், கண்குளிரக் காண்கிறோம், பிள்ளை உண்டதைப் பார்த்து வயிறு குளிர்கிறோம். கருணைக்குத் தண்ணளி என்று பெயர் வைத்திருக்கிறோம். இரக்கமுள்ளவன் நெஞ்சிலே ஈரம் உள்ளவன். மாறாக, பொறாமை வயிற்றெரிச்சல். துயரம் மனம் வேகுதல். சொல்லமுடியாத வருத்தம் மனப்புழுக்கம். கிழக்கு மாகாணத்துக் கண்ணகி அம்மன் கோவில்களில் வைகாசித் திங்களில் நடைபெறும் சடங்கின் பெயர் திருக்குளிர்த்தி. மதுரையை எரித்த சினத்தோடு வந்தவளைக் குளிர்விக்கிறோம். கச்சான் தொடங்கும் மாதத்திலேயே அது நடப்பதைக் கவனியுங்கள். தெய்வத்தைக்கூடக் குளிர்வித்துத் தணிக்க எண்ணிய மக்கள், தங்கள் மழலையைக் குளிர்விக்காமல் இருந்திருப்பார்களா?

அவர்கள் கையாண்ட முதற் கருவி ஏணை. பலமுறை துவைத்து மெலிந்துபோன அம்மம்மாவின் நூற்சேலை ஒன்று வளையிலோ மரக்கிளையிலோ தொங்கும். புதுச்சேலையை ஏணைக்கு எடுக்கமாட்டார்கள். பழஞ்சேலை மென்மையானது என்பது மட்டும் காரணமன்று. நைந்த நூற்றுணியின் இழைகளுக்கிடையே காற்று நுழையும். வியர்வையை அது உறிஞ்சும். நைலோன், பொலியெஸ்ரர் சேலைகள் வந்தபோது அவற்றிலும் ஏணை கட்டினார்கள். பிள்ளை முதுகு நிறைய வேர்க்குருவோடு அழுதது. ஏணை ஆடும்போது குழந்தையைச் சுற்றியுள்ள வெப்பமான வளி விலகி, புதிய வளி வந்து சேரும். ஆக, தாலாட்டின் தாளம் இசைக்கென்று மட்டும் அமைந்ததன்று. அது காற்றை இயக்கிய கையின் தாளமுமாகும். பாட்டு நின்றால் பிள்ளை விழித்துவிடும் என்பார்கள். பாட்டு நிற்கும்போது கையும் நிற்கிறது, கை நிற்கும்போது காற்றும் நிற்கிறது என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

இனி, மருத்துவம் என்ன கூறுகிறது என்று பார்ப்போம். கைக்குழந்தை என்பது சிறிய உருவிலுள்ள பெரிய மனிதர் அன்று. அதன் எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு எங்களுடையதைவிடப் பெரியது. ஆகவே வெளிவெப்பம் அதன் உடலில் விரைவாக ஏறும். வியர்வைச் சுரப்பிகள் இருந்தாலும் பிறந்த ஆரம்ப வாரங்களில் அவை திறம்பட வேலை செய்வதில்லை. போர்வையை உதறித்தள்ள அதற்கு வலுவில்லை. தாகம் என்று சொல்ல வாயில்லை. பெரியவர் ஒருவருக்கு வெறும் அசௌகரியமாகத் தோன்றும் இரவு, பிறந்து ஒரு மாதமான குழந்தைக்கு ஆபத்தாக முடியலாம். அளவுக்கு மீறிய சூடு, சிசுக்கள் உறக்கத்தில் திடீரென இறப்பதற்குரிய காரணிகளில் ஒன்றாகவும் கொள்ளப்படுகிறது. ஆகவே இது வெறுஞ் சுகத்தைப் பற்றிய பேச்சன்று.

அப்படியிருந்தும் எங்கள் வீடுகளில் நடப்பது என்ன? வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு ஆனி மாதத்திலும் தொப்பி, கையுறை, காலுறை, மேலே ஒரு பூந்துவாய். கை குளிர்ந்திருக்கிறது, பிள்ளைக்குக் குளிர்கிறது என்று இன்னொரு போர்வை. சிறு குழந்தையின் கையும் காலும் உடலைவிடக் குளிர்ந்திருப்பது இயல்பு. சூடு பார்க்கவேண்டிய இடம் பிடரியும் நெஞ்சும். பிடரி வியர்த்தோ கொதித்தோ இருந்தால் ஓர் ஆடையைக் கழற்றவேண்டும். தலை குழந்தையின் உடலில் பெரும் பங்கு. உடலின் வெப்பம் வெளியேறும் வாசல்களில் முக்கியமானது அது. வீட்டுக்குள் தொப்பி போடுவது அந்த வாசலைச் சாத்துவதாகும். வெப்பமான இரவில் மெல்லிய நூற்சட்டை ஒன்று, அல்லது இடுப்புத் துணி மாத்திரம் போதுமானது.

ஏணையைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். துணி இரு பக்கமும் கூடி முகத்தை மூடினால் அது குளிர்விப்பதற்குப் பதிலாகச் சூட்டைச் சிறைப்படுத்தும், மூச்சையும் அடைக்கும். பிள்ளை வளைந்து கிடக்கும்போது நாடி நெஞ்சில் முட்டினாலும் மூச்சுத் தடைப்படலாம். துணியின் விளிம்புகளை அகட்டிவைக்க இடையே தடி கொடுத்த பழைய வழக்கத்தின் பொருள் இதுதான். ஏணை, விழித்திருக்கும் ஒருவர் பக்கத்திலிருந்து ஆட்டுவதற்குரிய கருவி. எல்லோரும் உறங்கிவிட்ட பின் பிள்ளை கிடக்கவேண்டிய இடம் தட்டையான, உறுதியான படுக்கை. மல்லாக்காகப் படுக்கவைக்கவேண்டும், தலையணையோ தளர்ந்த துணிகளோ அருகில் இருத்தலாகாது. ஐக்கிய இராச்சியத்தில் 1991 இலும் அமெரிக்காவில் 1994 இலும் சிசுக்களை மல்லாக்காகப் படுக்கவைக்கும்படி பெரும் பிரசாரம் தொடங்கியது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் அந்நாடுகளில் சிசுக்களின் திடீர் மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. ஏணைக்கு மேல் கண்ணூறு படாமல் இன்னொரு சேலையைப் போர்த்திவைப்பதும் விடவேண்டிய வழக்கம். கண்ணூறைவிட வெக்கை கொடியது.

அடுத்தது தண்ணீர். வெயில் காலத்தில் பிள்ளைக்கு நா வறளுமே, இரண்டு கரண்டி தண்ணீர் கொடு என்று மூத்தவர்கள் சொல்வார்கள். பாசத்தாற் சொல்வது. ஆனால் ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே நீர். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் நீர்தான் இருக்கிறது. வெப்பமான இரவில் பிள்ளை அடிக்கடி பால் கேட்கும்; கேட்கும்போதெல்லாம் கொடுக்கவேண்டும். தண்ணீர் கொடுத்தால் சின்ன வயிறு அதனால் நிறைந்து பாலைக் குடியாது. கிணற்று நீரிலுள்ள கிருமிகளும் உட்செல்லும். அளவு மிஞ்சினால் இரத்தத்திலுள்ள உப்பின் செறிவும் குறையும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மாத்திரம் என்பதை உலக சுகாதார தாபனம் 2001 இல் உறுதிப்படுத்தியது. 2016 ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி எங்கள் நாட்டில் அவ்வயதுக் குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மாத்திரமே அருந்தினர். உலகில் பல நாடுகள் எட்டாத அளவு இது. வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மாதர்களின் உழைப்புக்கு இதிற் பெரும் பங்குண்டு.

இதைச் சொல்லும்போது எனக்குத் திருஞானசம்பந்தரின் கதை நினைவுக்கு வருகிறது. கோணேசர்மீது பதிகம் பாடிய அதே சம்பந்தர். சீர்காழிக் குளக்கரையில் நின்று அழுத பிள்ளைக்குக் கண்முன்னே குளம் நிறைய நீர் இருந்தது. உமையம்மை குளத்து நீரை அள்ளிக் கொடுக்கவில்லை. கிண்ணத்திற் பாலே கொடுத்தாள். அதனை ஞானப்பால் என்பர். மூன்று வயதுப் பிள்ளையின் கதையை மருத்துவச் சான்றாகக் காட்டுவது என் நோக்கமன்று. எனினும் தண்ணீர் கொடு என்று பிடிவாதமாய் நிற்கும் ஆச்சிமாரிடம் இக்கதையைச் சொல்லிப் பாருங்கள். புள்ளிவிபரத்தைவிட இது விரைவாக அவர்கள் காதில் ஏறும். தண்ணீர் குடிக்கவேண்டியவள் பாலூட்டும் தாய். அவளுடைய தலைமாட்டில் ஒரு செம்பு நீர் இரவெல்லாம் இருக்கவேண்டும். அதை நிரப்பிவைப்பது வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமை.

மாலையில் இளஞ்சூட்டு நீரால் பிள்ளையின் உடலைத் துடைத்துவிடுவது நல்லது. ஐஸ் நீர் கூடாது. திடீர்க் குளிரில் தோலின் குருதிக் குழாய்கள் சுருங்கி, உள்வெப்பம் வெளியேறாமல் நின்றுவிடும். வேர்க்குருவுக்கு மேல் பவுடரை அப்புவதும் வேண்டாம். அடைபட்ட வியர்வைத் துவாரங்கள் மேலும் அடைபடும். தூள் மூச்சோடு உள்ளே போகும். குளிப்பாட்டிய பின் சாம்பிராணிப் புகை காட்டுவதும், அறையைச் சாத்திக்கொண்டு நுளம்புச் சுருள் கொளுத்துவதும் சின்ன நுரையீரலுக்கு ஆகாதவை. அதற்காக நுளம்பை மறக்கவும் முடியாது. 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இம்மாவட்டத்தார் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் அந்நோய் கண்டது. டெங்கு நுளம்பு பெரிதும் பகலிலேயே கடிப்பது. கைக்குழந்தை பகலிலும் உறங்குவது. ஆகவே இரு பொழுதும் வலை வேண்டும். வலை காற்றை ஓரளவு தடுக்கும் என்பது உண்மை. விசிறியை வலைக்கு வெளியே வைத்து, காற்று அறையெங்கும் சுழலும்படி விடவேண்டும். பிள்ளையின் முகத்துக்கு நேரே வீசவிடலாகாது.

இவ்வளவும் தாயின் அறிவையும் வீட்டாரின் ஒத்தாசையையும் பொறுத்தவை. ஆனால் தாயின் அறிவாற் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு. அதுதான் கூரை.

கிடுகு வேய்ந்த மண் வீடு பகல் வெயிலை உள்ளே விடாது. ஓலைகளுக்கிடையே அகப்பட்ட வளியே அதற்குக் காப்பு. தகரக் கூரை வெயில் ஏறிய கணமே சுடும். ஆனால் பொழுதுபட்ட சில மணி நேரத்தில் ஆறிவிடும். கொங்கிறீற் தட்டு இதற்கு நேர்மாறு. பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்து, நாங்கள் பாய் விரிக்கும் நேரத்திலே அதை உமிழத் தொடங்கும். நள்ளிரவு தாண்டியும் கூரை சுட்டபடி இருக்கும். வசதி வந்தபோது கிடுகை இறக்கினோம். தீக்கும் புயலுக்கும் அஞ்சிய எங்களுக்கு அது வேண்டியதாகவும் இருந்தது. ஆனால் கூரை செய்துவந்த வேலையை யார் செய்வது என்று எவரும் கேட்கவில்லை. அந்த வேலை தாயின் கைக்கு வந்து சேர்ந்தது.

போர்க்காலம் அந்தக் கையின் சுமையை மேலும் கூட்டிற்று. வெப்பமான இரவுகளில் முற்றத்து மணலிலே பன்பாய் விரித்துப் பிள்ளைகளோடு படுப்பது முன்பு வழக்கம். 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2009 வரையான காலத்தில் அந்த முற்றம் எங்களுக்கு இல்லாமற் போயிற்று. ஊரடங்கு இரவுகளில் கதவையும் யன்னலையும் சாத்தி, விளக்கை அணைத்து, புழுக்கத்துக்குள் இருந்தோம். பிள்ளை அழுதால் வெளியே கேட்குமே என்ற பயம் வேறு. விசிறியின் ஓசைகூடப் பெரிதாகக் கேட்ட இரவுகள் அவை. தாலாட்டைக் குரல் எழுப்பாமல் முணுமுணுத்த தாய்மாரின் தலைமுறை ஒன்று எங்களிடையே இருக்கிறது. தாலாட்டு இலக்கியத்தின் வரலாற்றை எழுதுவோர் அந்த முணுமுணுப்பையும் ஓர் அத்தியாயமாக எழுதவேண்டும்.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோர மக்கள் கூடாரங்களில் இருந்தனர். 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, கிளிவெட்டி முதலிய இடங்களில் தகரக் கொட்டில்களில் வாழ்ந்தன. காணிகள் மீளக் கிடைத்தபோது 2015, 2016 ஆகிவிட்டது. ஒன்பது, பத்துக் கச்சான்கள். அக்கொட்டில்களிற் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வயதையும் அங்கேயே அடைந்தனர். தகரத்தின் கீழ் கைக்குழந்தையை வைத்திருந்த தாய்க்கு, மரநிழலே பகல் வீடு. பின்னேரம் கூரை ஆறும்வரை பிள்ளையை உள்ளே கொண்டுபோக இயலாது. குழந்தையைக் குளிர்வித்தல் குடும்ப விடயம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நிலமும் வீடும் மரமும் அதனுள் அடங்கும்.

இன்று மின்விசிறி வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். மின்விசிறி நல்ல தோழன்தான். 2008 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வெளிவந்த ஓர் ஆய்வு, மின்விசிறி ஓடிய அறையில் உறங்கிய சிசுக்களிடையே திடீர் மரண ஆபத்து 72 வீதம் குறைவாகக் காணப்பட்டது என்றது. ஓர் ஆய்வை மட்டும் வைத்து முடிவுகட்டலாகாது. ஆயினும் காற்றோட்டத்தின் அருமையை அது சுட்டுகிறது. ஆனால் 2022 மார்ச் இறுதியை நினைத்துப் பாருங்கள். ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. நாடெங்கும் விசிறிகள் நின்றன. பனையோலை விசிறி எங்கே என்று பரணில் தேடினோம். பல வீடுகளில் அது இருக்கவில்லை. அப்பியாசக் கொப்பியின் மட்டையே விசிறியாயிற்று. பழைய கருவியை வீசியெறிந்தவர்களுக்கு அந்த இரவுகள் நீண்டவையாக இருந்தன.

இன்னொரு சிக்கலும் உண்டு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள் அங்குள்ள கைந்நூல்களைப் படித்துவிட்டு, தொலைபேசியில் எங்களுக்கும் பாடம் சொல்கிறார்கள். சிசு உறங்கும் அறை 16 முதல் 20 பாகை வரை இருக்கவேண்டும் என்பது ஐக்கிய இராச்சியத்து அறிவுரை. திருகோணமலையின் எந்த ஆனி இரவும் அந்த எண்ணைக் கண்டதில்லை. அந்த எண்ணுக்காக ஏங்கி, கடன்பட்டுக் குளிரூட்டி வாங்கவேண்டியதில்லை. எங்களுக்கு வேண்டியது எண் அன்று, நெறி. ஆடை குறைவு, காற்று அசைவு, பால் தாராளம், பிடரியைத் தொட்டுப் பார்க்கும் விழிப்பு. 2022 யூலை 19 அன்று இங்கிலாந்தில் வெப்பம் முதன்முறையாக 40 பாகையைத் தாண்டியது. குளிரைத் தடுக்கக் கட்டிய வீடுகளுக்குள் அவர்கள் வெந்துபோனார்கள். அன்று அங்குள்ள பேரப்பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது இங்குள்ள அம்மம்மாவின் கல்வி. எங்கள் வளிமண்டலவியல் திணைக்களமும் அண்மைய ஆண்டுகளில் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுக்கும் நிலை வந்திருக்கிறது. கோடைகள் மேலும் கடுமையாகும் காலத்தில் நிற்கிறோம். இந்தக் கல்வி பழம்பெருமைக்குரியதன்று, நாளைக்கு வேண்டியது.

ஆகவே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை வழமைக்கு மாறாகத் துவண்டு கிடந்தால், பால் குடிக்க மறுத்தால், ஈரத்துணி மாற்றும் தடவைகள் வெகுவாகக் குறைந்தால், உச்சிக்குழி தாழ்ந்து வாய் உலர்ந்திருந்தால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக்கூடாது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு உடல்வெப்பம் 38 பாகையை எட்டினாலும் அப்படியே. அது வெளிவெக்கையா, உள்ளிருக்கும் காய்ச்சலா என்று பிரித்தறிய வேண்டியவர் வைத்தியர். எந்த யாமமாயினும் வைத்தியசாலைக்கு எடுத்துச்செல்லுங்கள்.

நேயர்களே, தாலாட்டைப் பெண்ணின் பாட்டு என்று இலக்கண நூலாரும் நாட்டாரியலாரும் எழுதிவைத்துவிட்டோம். அதனால் அந்த இரவு வேலையும் அவளுக்கே உரியது என்று ஆகிவிட்டது. பகலெல்லாம் அடுப்படியில் வெந்தவள், இரவெல்லாம் விசிறியும் கையுமாக இருக்கிறாள். தகப்பன்மார் முற்றத்திற் காற்று வாங்குகிறார்கள். இது தகாது. விசிறி கைமாறவேண்டிய பொருள். முன்யாமத்தில் தாய் வீசினால் பின்யாமத்தில் தந்தை வீசட்டும். பாட்டு வராவிட்டாலும் பாதகமில்லை. யன்னலைத் திறப்பதும், துணியை நனைத்துப் பிழிந்து தொங்கவிடுவதும், வலையைச் செருகுவதும், செம்பில் நீர் வார்த்துவைப்பதும் தமிழ்ப் புலமை வேண்டாத வேலைகள். மேற்குச் சுவரோரம் ஒரு வேம்பை நட்டு வளர்ப்பதும் ஆண்மக்கள் செய்யக்கூடிய தாலாட்டுத்தான்.

என்னுடன் பணிபுரியும் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாலப் பருவத்தைக் கற்பிக்கும் நாளில் மாணவரிடம் ஓர் ஒப்படை கொடுங்கள். வீட்டிலுள்ள ஆச்சியிடமோ அயலிலுள்ள மூதாட்டியிடமோ சென்று தாலாட்டுப் பாடச்சொல்லிக் கேட்டு எழுதட்டும். எழுதிய பின், அந்தப் பாட்டைப் பாடிய இரவுகளில் உங்கள் கை என்ன செய்தது, கூரை எதனால் வேய்ந்திருந்தது, யன்னல் திறந்திருந்ததா, எந்தக் காற்று வீசியது என்றும் கேட்கட்டும். அந்த விடைகளையும் பாட்டின் கீழே எழுதட்டும். அவற்றுட் பிழையானவை இருந்தால் குடும்பநல மாதிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் முதலில் அவை எழுதப்படவேண்டும். சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக எங்களை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கச்சான் எழுவதற்கு முன் இதைத் தொடங்குங்கள்.